தேமல் என்று சொன்ன கண்: தோல் நோயைக் கணிப்பதில் எங்கே தவறுகிறோம்?

மேல்கையில் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய ஒரு திட்டு. சுற்றியுள்ள தோலைவிட நிறம் கொஞ்சம் மங்கல். அரிப்பு இல்லை, வலி இல்லை, ஆறு மாதமாக அப்படியே இருக்கிறது. பார்க்கிற யாரும் ‘தேமல்’ என்றுதான் சொல்வார்கள். பாட்டி சொல்வார், மருந்துக்கடைக்காரர் சொல்வார், வாசல்வரை வரிசை நிற்கும் புறநோயாளிப் பிரிவில் ஆளுக்கு இரண்டு நிமிடம்கூட ஒதுக்க முடியாத மருத்துவரும் சொல்லக்கூடும். பெரும்பாலும் அது தேமலாகவே இருந்துவிடும். அதுதான் சிக்கலே.

அந்த மருத்துவர் சட்டைப்பையிலிருந்து பால்பாயின்ட் பேனாவை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பேனா முனையால் நல்ல தோலில் மெல்லத் தொட்டு, “நான் தொட்ட இடத்தை ஒரு விரலால் காட்டுங்க” என்கிறார். நோயாளி காட்டுகிறார். “இப்ப கண்ணை மூடிக்குங்க.” மறுபடி நல்ல தோலில் ஒரு தொடல். விரல் பிசகாமல் அங்கே வருகிறது. அடுத்து திட்டின் நடுவில் ஒரு தொடல். விரல் நகரவில்லை. நோயாளி கண்ணை மூடியபடி, அடுத்து எப்போது தொடுவார் என்று காத்திருக்கிறார். தொட்டாகிவிட்டது என்பதே அவருக்குத் தெரியவில்லை.

அது தேமல் இல்லை, தொழுநோய்.

இந்தச் சோதனையில் இன்னொரு நுட்பம் உண்டு. “தெரியுதா?” என்று கேட்டுக்கொண்டே தொடக்கூடாது. அப்படிக் கேட்டால், தெரியாவிட்டாலும் “தெரியுதுங்க” என்று பதில் வரும். கேட்கிற தாளத்திலேயே பதிலும் வந்துவிழும். எதிரில் இருப்பது டாக்டர் என்ற மரியாதை வேறு. அதனால்தான் விரலால் காட்டச் சொல்கிறார்கள். பொதுச் சுகாதார ஊழியர்களுக்குக் கற்றுக்கொடுக்கப்படும் இந்தச் சிறு ஒழுங்கில் மனித மனத்தைப் பற்றிய ஆழமான அறிவு இருப்பதாக எனக்குத் தோன்றும்.

ஈரலைப் பார்க்க ஸ்கேன் வேண்டும், இதயத்துக்கு ஈசிஜி வேண்டும். தோல் மட்டும் திறந்த புத்தகம்போல எதிரே இருக்கிறது. அதனாலேயே அதை வாசித்துவிட்டோம் என்ற நம்பிக்கையும் சீக்கிரம் வந்துவிடுகிறது. கண் முந்திக்கொண்டு ஒரு பெயரைச் சொல்கிறது. அந்தப் பெயருக்குப் பிறகு கை தொடுவதில்லை, வாய் கேட்பதில்லை. தோல் நோய்க் கணிப்பில் நடக்கும் தவறுகளில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் பிறக்கிறது என்பது என் எண்ணம்.

கண் முந்துவதே குற்றம் என்று சொல்லிவிட முடியாது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி நார்மனும் அவருடைய சகாக்களும் 1980-களின் இறுதியிலிருந்து தோல் நோய்ப் படங்களை வைத்தே மருத்துவர்களின் சிந்தனையை ஆராய்ந்தார்கள். அனுபவசாலி ஒவ்வோர் அறிகுறியாகக் கூட்டிக் கழித்து முடிவுக்கு வருவதில்லை. முன்பு பார்த்த நோயாளியின் சாயல் சட்டென்று தட்டுகிறது. தெருமுனையில் வரும்போதே நடையை வைத்து மாமாவை அடையாளம் கண்டுகொள்கிறோமே, அதுபோல. பத்தாயிரம் படர்தாமரையைப் பார்த்த மருத்துவர் பத்தாயிரத்து ஒன்றாவதை நொடியில் சொல்வது அவருடைய உழைப்பின் பலன். அது இல்லாமல் எந்த மருத்துவமனையும் ஒரு நாள்கூட ஓடாது.

ஆனால் இதே குழுவினர் 2001-ல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு கவலை தருகிறது. நோயாளிகளின் படங்களைக் காட்டும்போது கூடவே ஒரு நோயின் பெயரையும் சொன்னார்கள், சிலருக்குச் சரியான பெயர், சிலருக்குத் தவறான பெயர். பிறகு படத்தில் என்னென்ன அறிகுறிகள் தெரிகின்றன என்று கேட்டார்கள். தவறான பெயரைக் கேட்டவர்கள் அந்தத் தவறான நோய்க்கு உரிய அடையாளங்களையே படத்தில் கூடுதலாகக் கண்டார்கள். அதாவது, பார்த்த பிறகு பெயர் வருகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெயர் வந்த பிறகு பார்வையே மாறிவிடுகிறது.

நம் ஊரில் நோயாளி பெரும்பாலும் பெயரோடுதான் வருகிறார். “டாக்டர், ரெண்டு வருஷமா எக்சிமா இருக்கு” என்று தொடங்குகிறார். கையில் பழைய சீட்டு, அதிலும் அதே சொல். முதலில் எழுதியவர் சந்தேகத்தோடு எழுதியிருக்கலாம், கேள்விக்குறிகூடப் போட்டிருக்கலாம். மூன்றாவது சீட்டுக்கு வரும்போது கேள்விக்குறி உதிர்ந்துபோய்ப் பெயர் மட்டும் நிலைத்துவிடுகிறது.

தொழுநோய்க்குத் திரும்புவோம், ஏனென்றால் இங்கே பிழையின் விலை மிகப் பெரியது. 2005 டிசம்பரில் இந்தியா, பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவாகத் தொழுநோயைக் கொண்டுவந்துவிட்டது. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அது அகற்றப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. பெரிய சாதனைதான். ஆனால் ‘அகற்றப்பட்டது’ என்ற சொல்லைப் பலர் ‘ஒழிந்துவிட்டது’ என்று கேட்டுக்கொண்டார்கள். இன்றும் உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படுவோரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியர்கள், ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். செங்கல்பட்டு திருமணியில் மத்தியத் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையமும் வேலூருக்குப் பக்கத்தில் கரிகிரி மருத்துவமனையும் இருக்கிற மாநிலம் இது. ஆனாலும் ஒரு நோயை அடிக்கடி பார்க்காத கண், அது எதிரில் வந்து உட்கார்ந்தாலும் நினைவில் எடுப்பதில்லை. நேற்றுப் பார்த்த பத்துத் தேமல்கள்தான் நினைவில் முன்னால் நிற்கின்றன.

வித்தியாசங்கள் இல்லாமல் இல்லை. தேமல் கழுத்து, மார்பு, முதுகு என்று பரவும், நகத்தால் மெல்லச் சுரண்டினால் தூள்போலச் செதில் உதிரும். வெண்புள்ளி சுண்ணாம்பு வெள்ளையாக இருக்கும், அந்த இடத்து முடியும் நரைத்திருக்கலாம். இரண்டிலும் உணர்வு போகாது. தொழுநோய்த் திட்டு முழு வெள்ளையாவதில்லை. அது வறண்டிருக்கும், முடி குறைந்திருக்கும், உச்சி வெயிலில் உடம்பெல்லாம் வேர்த்தாலும் அந்தத் திட்டு மட்டும் காய்ந்தே கிடக்கும். இவற்றில் பாதியைக் கண்ணால் பிடிக்கவே முடியாது. தொட வேண்டும், சுரண்ட வேண்டும், “வெயில்ல நிக்கும்போது அந்த இடம் வேர்க்குதா?” என்று கேட்க வேண்டும். முழங்கையின் உட்புறத்தில் அல்நார் நரம்பு கயிறுபோலத் தடித்திருக்கிறதா என்று விரலால் உருட்டிப் பார்க்க வேண்டும்.

தொட்டுப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. கிருமிகள் மிகுந்த வகைத் தொழுநோயில் தொடக்கத் திட்டுகளில் உணர்வு அப்படியே இருக்கும். தோல் பளபளப்பாகும், காதுமடல் தடிக்கும், அவ்வளவுதான். ‘உணர்வு இருக்கிறது, ஆகவே தொழுநோய் இல்லை’ என்று முடித்துக்கொண்டால் அதுவும் முந்திக்கொள்ளல்தான். அங்கே காதுமடலில் சிறு கீறல் போட்டு, எடுத்த நீரைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். தாமதத்தின் விலை என்ன என்பதை வேலூர் சிஎம்சியில் 1940-களின் பிற்பகுதியிலிருந்து பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட் உலகத்துக்கே காட்டினார். தொழுநோயாளியின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. வலி தெரியாத கை சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறது, காயத்தோடு வேலை செய்கிறது, அப்படித்தான் தேய்ந்துபோகிறது. ஆறு மாதமோ ஒரு வருடமோ இலவசக் கூட்டு மருந்து சாப்பிட்டால் குணமாகிற நோய், மூன்று வருடம் தேமல் களிம்பு பூசப்பட்டதால் மடங்கிய விரல்களாக வந்து நிற்பது எவ்வளவு கொடுமை!

நிறத்தைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயம் முழுமையாகாது. மருத்துவப் பாடப்புத்தகங்களில் அழற்சி என்றால் சிவப்பு. அந்தச் சிவப்பு வெள்ளைத் தோலில் பார்த்து எழுதியது. நம் தோலில் அதே அழற்சி கருஞ்சிவப்பாக, கத்திரிப்பூ நிறமாக, சில சமயம் வெறும் கறுப்பாகத் தெரியும். சொரியாசிஸ் திட்டு சாம்பல் பூத்த ஊதா நிறத்தில் இருக்கும். சிவப்பின் அளவுக்கு மதிப்பெண் போடும் முறைகள் கறுத்த குழந்தைகளின் கரப்பானை, அதாவது எக்சிமாவை, குறைத்தே மதிப்பிடும். லண்டனில் மருத்துவ மாணவராக இருந்த மலோன் முக்வெண்டே இதனால் பொறுமையிழந்து, கறுப்பு, பழுப்புத் தோலில் அறிகுறிகள் எப்படித் தெரியும் என்று தம் ஆசிரியர்களோடு சேர்ந்து 2020-ல் ஒரு கையேடே கொண்டுவந்தார். இந்திய மருத்துவக் கல்லூரிகளில் நோயாளிகள் எல்லோரும் மாநிறமும் கறுப்பும்தான், ஆனாலும் பாடத்தில் படித்த ‘சிவப்பு’ மாணவரின் கண்ணில் நெடுநாள் தங்கிவிடுகிறது.

வெளிச்சமும் ஏமாற்றும். 2015-ல் ஒரு கவுனின் புகைப்படம் நீலமும் கறுப்புமா, வெள்ளையும் தங்கமுமா என்று உலகமே சண்டை போட்டது நினைவிருக்கும். மூளை தனக்குத் தோன்றிய வெளிச்சத்தைக் கழித்துவிட்டுத்தான் நிறத்தைச் சொல்கிறது. பச்சைத் திரைச்சீலை போட்ட அறையில், டியூப்லைட்டுக்கு அடியில் பார்க்கிற திட்டும், சன்னலோரப் பகல் வெளிச்சத்தில் பார்க்கிற திட்டும் ஒன்றாக இருக்காது. பழைய பேராசிரியர்கள் நோயாளியைச் சன்னலுக்கு அழைத்துப்போய்ப் பார்த்ததற்குக் காரணம் இருந்தது.

பார்க்காத இடமும் ஒரு பிழைதான். ஜமைக்கா பாடகர் பாப் மார்லியின் கால் பெருவிரல் நகத்தடியில் இருந்த கறுப்பு, கால்பந்து ஆடியதில் பட்ட அடி என்றே முதலில் கருதப்பட்டது. 1977-ல்தான் அது மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் என்று தெரிந்தது. 1981 மே மாதம், 36 வயதில் அவர் இறந்தார். பந்து விளையாடுகிறவர், நகத்தில் கறுப்பு: அடிபட்டது என்ற கதை அவ்வளவு பொருத்தமாக இருந்தது. கறுத்த தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா அரிதாகத்தான் வரும். வரும்போது வெயில் படும் முதுகிலோ முகத்திலோ அல்ல, உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும் வருவதே அதிகம். ‘நமக்கெல்லாம் தோல் புற்றுநோய் வராது’ என்ற எண்ணமும், செருப்பைக் கழற்றச் சொல்லாத பரிசோதனையும் ஒன்றுசேர்ந்தால் அது வளர்வதற்கு வேண்டிய காலம் கிடைத்துவிடும்.

இதுவரை சொன்னவற்றில் நோய் அப்படியே இருக்கிறது, பார்க்கிறவர்தான் தவறுகிறார். இன்று நம் ஊர்களில் அதைவிட மோசமான ஒன்று நடக்கிறது. தவறான சிகிச்சை நோயின் முகத்தையே மாற்றிவிடுகிறது. படர்தாமரையின் அடையாளம் வளையம்: ஓரத்தில் சிறு பருக்களோடு மேடு, நடுவில் ஆறியதுபோன்ற தோல். அந்த ஓரம் என்பது பூஞ்சைக் கிருமியோடு உடம்பு நடத்தும் சண்டை. அரிப்பு தாங்காமல் மருந்துக்கடையில் கேட்டால் ஸ்டீராய்டும் பூஞ்சைக்கொல்லியும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்த ஒரு ட்யூப் கிடைக்கிறது. ஸ்டீராய்டு சண்டையை நிறுத்திவிடுகிறது. இரண்டே நாளில் அரிப்பு அடங்குகிறது, வளையம் மங்குகிறது. பூஞ்சையோ தடை ஏதும் இல்லாமல் பரவுகிறது. நிறுத்தினால் இரட்டிப்பாகத் திரும்புகிறது, மறுபடி அதே ட்யூப். கடைசியில் தோல் மருத்துவரிடம் வரும்போது வளையமும் இல்லை, ஓரமும் இல்லை, எக்சிமாபோல ஒரு படை. அதை எக்சிமா என்று படித்து ஸ்டீராய்டையே எழுதினால் சக்கரம் முழுமையாகிவிடும். இப்படி முகம் மறைத்த படர்தாமரையை பிரிட்டிஷ் மருத்துவர்கள் 1968-லேயே விவரித்துப் பெயரும் வைத்துவிட்டார்கள்.

அரைநூற்றாண்டுக்குப் பிறகும் நாம் அதிலிருந்து மீளவில்லை. 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத ஷெட்யூல் எச் பட்டியலில் கொண்டுவந்தது. எந்தத் தெருமுனைக் கடையிலும் கேட்டுப் பாருங்கள், சட்டம் எங்கே நிற்கிறது என்று தெரியும். இதற்கிடையில் வழக்கமான டெர்பினஃபைன் மாத்திரைக்குப் பெரும்பாலும் கட்டுப்படாத ஒரு பூஞ்சை தெற்காசியாவில் பரவி, 2020-ல் ‘டிரைக்கோபைட்டான் இன்டோட்டினியே’ என்று நம் நாட்டின் பெயரையே சுமந்துகொண்டது. இங்கேயும் தீர்வு கண்ணை இன்னும் கூர்மையாக்குவதில் இல்லை. படையின் ஓரத்தைக் கத்தி முனையால் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டுச் சிறிது நேரம் பொறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், கண்ணாடி நூல்போலக் கிளைவிட்டு ஓடும் பூஞ்சை இழைகள் தெரியும். மிஞ்சிப்போனால் அரைமணி நேரம். ஆனால் ஒரு காலையில் நூறு பேரைப் பார்க்க வேண்டிய இடத்தில் அந்த அரைமணி நேரம் யாரிடம் இருக்கிறது? தனிமனிதரின் மனப்பிழை என்று நாம் எழுதுவதில் பாதி, கூட்டத்தின் பிழை.

இயந்திரத்திடம் கொடுத்துவிட்டால் இந்தச் சாய்வு போய்விடும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஸ்டான்ஃபோர்டில் ஒரு குழு 2017-ல், தோல் புற்றுநோய்ப் படங்களை வகைப்படுத்துவதில் மருத்துவர்களுக்கு நிகராகச் செயல்படும் ஒரு மென்பொருளை உருவாக்கிப் பரபரப்பை ஏற்படுத்தியது. அடுத்த ஆண்டு அந்தக் குழுவைச் சேர்ந்தவர்களே ஒன்றை நேர்மையாக எழுதினார்கள்: படத்தில் அளவுகோல் வைத்திருந்தால் மென்பொருள் அதைப் புற்றுநோய் என்று சொல்லும் வாய்ப்பு கூடுகிறது. சந்தேகமான கட்டியைத்தானே மருத்துவர் அளவுகோல் வைத்துப் படம் எடுப்பார்? இயந்திரம் நம் சந்தேகத்தைப் படித்திருக்கிறது. தோலில் பேனாவால் போட்ட அறுவைக் குறிகளும் இப்படியே ஏமாற்றியதை 2019-ல் ஜெர்மனியில் கண்டார்கள்.

வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி மருந்து கேட்பது இதைவிடப் பெரிய ஆபத்து. பெரும்பாலும் நோயாளிக்கு எந்த இடம் முக்கியமாகத் தோன்றுகிறதோ அதை மட்டும் எடுத்து அனுப்புகிறார். முகத்தை எடுத்தால் கைப்பேசியே தோலை வழவழப்பாக்கித் தருகிறது. தொடவும் முடியாது, சுரண்டவும் முடியாது, பக்கத்தில் யார் சொறிந்துகொண்டிருக்கிறார்கள் என்று தெரியவும் தெரியாது.

எங்கள் பெரியம்மாவுக்கு நடந்தது இதுதான். நான்கு மாதமாக உடம்பெல்லாம் அரிப்பு. அக்கா கையைப் படமெடுத்துத் தெரிந்த ஒருவருக்கு அனுப்பினாள், ‘அலர்ஜி’ என்று பதில் வந்தது. ஊரில் ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினார்கள். அந்தச் சொல்லையே சொல்லித்தான் காட்டினார்கள், அங்கேயும் அதுவே உறுதியானது. அரிப்பு மாத்திரை, ஒரு ஸ்டீராய்டு களிம்பு, கத்திரிக்காயும் கருவாடும் கூடாது. பெரியம்மா கருவாட்டை விட்டார், கத்திரிக்காயை விட்டார், பிறகு முட்டையையும் விட்டார். ராத்திரி தூக்கம் மட்டும் வரவில்லை. களிம்பு பூசப் பூசக் கொஞ்சம் அடங்கி, மறுபடி ஏறும்.

பிறகு போன இடத்தில் வயதான ஒரு மருத்துவர். கையைப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லவில்லை. கேட்டார்.

“அரிப்பு எப்பம்மா ஜாஸ்தி? பகல்லயா, படுத்த பிறகா?”

“படுத்த பிறகுதான் டாக்டர். உயிர் போகுது.”

“வீட்ல வேற யாருக்காவது அரிக்குதா?”

பெரியம்மா இல்லை என்று தலையாட்டினார். கூட வந்திருந்த அக்கா மெதுவாக, “எனக்கும் கொஞ்சம் இருக்கு டாக்டர். பசங்களும் சொறிஞ்சுக்கிட்டே இருக்காங்க. வேர்க்குருன்னு நினைச்சேன்” என்றாள். மருத்துவர் பெரியம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, இடுக்குகளை லென்ஸ் வைத்துப் பார்த்தார். மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். சின்னக் கோடுபோல, பூச்சி துளைத்துப் போன தடம் ஒன்று அங்கே இருந்தது.

“சிரங்கும்மா” என்றார்.

பெரியம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. “தினம் ரெண்டு வேளை குளிக்கிறவ டாக்டர் நான். எங்க வீட்ல சிரங்கா?” அவர் கேட்ட அதே கேள்விதான் முதல் மருத்துவரின் மனத்திலும் சொல்லாமல் ஓடியிருக்க வேண்டும் என்று பிறகு தோன்றியது. சலவை மடிப்புக் கலையாத சேலை, நெற்றியில் திருநீறு. இவருக்குச் சிரங்கு என்று யாருக்குத் தோன்றும்? சிரங்கை உண்டாக்கும் சிற்றுண்ணிக்குச் சுத்தமான வீடு, அழுக்கான வீடு என்ற பேதமே கிடையாது. தோலோடு தோல் பட்டால் போதும். பேத்தியை மடியில் போட்டுத் தூங்கவைத்தால் போதும். முதல்முறை தொற்றியவருக்கு அரிப்பு தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் யாரிடமிருந்து வந்தது என்பது மறந்தே போயிருக்கும்.

மருத்துவர் பழைய ட்யூபை வாங்கிப் பார்த்து ஓரமாக வைத்தார். கழுத்திலிருந்து உள்ளங்கால்வரை இடுக்கு விடாமல் பூச ஒரு களிம்பு, எல்லோரும் ஒரே ராத்திரியில் பூச வேண்டும், ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. போர்வை, தலையணை உறை எல்லாம் வெந்நீரில் துவைத்து வெயிலில் போட வேண்டும். “மருந்து போட்ட பிறகும் ரெண்டு, மூணு வாரம் அரிப்பு இருக்கும். சரியாகலைன்னு நினைச்சு வேற எதையும் வாங்கிப் பூசாதீங்க” என்று இரண்டு தடவை சொன்னார்.

பிறகு வீட்டில் மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டார். அக்கா விரல்விட்டு எண்ணி, ஊருக்குப் போயிருந்த அத்தானையும் சேர்த்து ஏழு என்றாள். பெரியம்மாவின் பெயர் எழுதியிருந்த அந்தச் சீட்டில் அவர் ஏழு பேருக்கும் மருந்து எழுதினார்.